நாலு முறை பிறந்த தோட்டா

அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர் தூரத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. மேப்பிளும் ஓக்கும் நெருங்கி நிற்கிற இடத்தில் மான் கண்ணில் படுவதே 50, 60 கெஜத்துக்குள்தான். 1894-இல் வின்செஸ்டர் நிறுவனம் ஒரு லீவர் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அதற்கு .30-30 தோட்டா வந்தது. அந்தக் காட்டுக்கு அவை போதும். அவற்றுக்கும் அந்தக் காடு போதும்.

மேற்கே போனால் கணக்கு மாறிவிடுகிறது. வயோமிங் புல்வெளியிலும் அரிசோனாவின் வறண்ட பள்ளத்தாக்குகளிலும் பதுங்கிப் போக ஒரு புதர்கூடச் சரியாக வாய்க்காது. பெரிய காதுகள் கொண்ட மியூல் மான், நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே நம்மைப் பார்த்துவிடும். எதிர்ச்சரிவில் 300 கெஜத்தில் நிற்கிறதைச் சுடுவதா, விட்டுவிடுவதா என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையாகப் பேரெடுத்த தோட்டா .270 வின்செஸ்டர். அது பிறந்த ஆண்டு 1925 என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. உண்மையில் அந்த ஆண்டு வந்தது அதில் கால்வாசிதான். மீதி வந்துசேர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

விழுகிற கணக்கு

குழலை விட்டு வெளியே வந்ததுமே குண்டு கீழே விழத் தொடங்கிவிடுகிறது. வேகமான குண்டு, மெதுவான குண்டு என்று புவியீர்ப்பு பேதம் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறதோ, அவ்வளவு விழும். .30-30 குண்டு விநாடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்பினாலும் அதன் மழுங்கிய மூக்கு காற்றோடு மல்லுக்கட்டியே வேகத்தை இழக்கிறது. 300 கெஜம் போய்ச்சேர அதற்கு ஏறத்தாழ அரை விநாடி ஆகும். அதற்குள் குழலின் நேர்க்கோட்டிலிருந்து சுமார் நாலடி இறங்கியிருக்கும். விநாடிக்கு 3,100 அடியில் கிளம்பும் கூர்மூக்குக் குண்டு அதே தூரத்தைச் சுமார் மூன்றில் ஒரு விநாடியில் கடந்துவிடும். இறக்கம் இரண்டடிக்குள் நின்றுபோகும்.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு, ஒன்பது அங்குல வட்டம். தூரத்தை 50 கெஜம் குறைத்து மதிப்பிட்டுவிட்டால், மெதுவான குண்டு நெஞ்சுக்குக் கீழே போய்விடும். ஒன்று அடியே படாது, அல்லது கால் முறியும். கால் முறிந்த மான் மலைக்கு அந்தப் பக்கம் போய் நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். வெட்டவெளி வேட்டைக்காரருக்கு முதலில் வேண்டியிருந்தது தட்டையான பாதை. அடியின் பலம் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் .30-30 குண்டையே கூராகச் செய்திருக்கலாமே என்று தோன்றும். அன்று அது முடியவில்லை. அந்த லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு குண்டின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறத்தில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால், ஒரு முறை சுடும்போது வரும் அதிர்ச்சியிலேயே குழாய்க்குள் இருக்கும் தோட்டா வெடிக்கக்கூடும். மூக்கைத் தட்டையாக வைத்ததற்குக் காரணம் இந்த பயம்தான்.

முதல் பிறப்பு: கூடு

வழி ராணுவத்திலிருந்து வந்தது. அமெரிக்கப் படை 1903-இல் ஒரு புதிய .30 தோட்டாவை ஏற்றது. அதன் குண்டு 220 கிரெயின் எடை, உருண்ட மூக்கு, வேகம் 2,300 அடி. 1905-இல் ஜெர்மானியர்கள் இலேசான கூர்மூக்குக் குண்டுக்கு மாறியதும் அமெரிக்கர்கள் விழித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, வெடிமருந்தை அடைத்துக் குண்டைச் செருகும் கூட்டின் கழுத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, 150 கிரெயின் கூர்க்குண்டைச் செருகி, வேகத்தை 2,700 அடிக்கு உயர்த்தினார்கள். அதுதான் புகழ்பெற்ற .30-06. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான இளைஞர்கள் அந்தத் தோட்டாவை போல்ட் துப்பாக்கியில் போட்டுப் பழகினார்கள். போல்ட் துப்பாக்கியில் தோட்டாக்கள் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் கூர்மூக்கால் ஆபத்தில்லை. ஊர் திரும்பியவர்களுக்கு அப்பாவின் லீவர் துப்பாக்கி பழசாகத் தெரிந்தது.

வேகப் பைத்தியம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரின் சார்லஸ் நியூட்டன் தொழிலில் வக்கீல்; அவர் மனமோ தோட்டாவில். அவர் வடிவமைத்த ஒன்றை சாவேஜ் நிறுவனம் 1915-இல் .250-3000 என்ற பெயரில் விற்றது. பெயரிலேயே வேகம் இருந்தது, விநாடிக்கு 3,000 அடி. ஆனால் அந்த வேகம் வருவதற்காகக் குண்டை 87 கிரெயினுக்கு இளைக்க வைத்திருந்தார்கள். சின்ன மானுக்குச் சரி. கொழுத்த மியூல் மானுக்கு அது போதாது.

கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர் ஆட்கள் நடுவழியைப் பிடித்தார்கள். ராணுவத்தின் பழைய 1903 கூட்டின் நீளத்தை எடுத்துக்கொண்டு, கழுத்தை .277 அங்குலத்துக்கு ஒடுக்கி, அதில் 130 கிரெயின் குண்டைப் பொருத்தினார்கள். எட்டரை கிராமுக்கும் குறைவான அந்தக் குண்டு விநாடிக்கு 3,100 அடிக்கு மேல் பாய்ந்தது. 1925-இல் மாடல் 54 என்ற போல்ட் துப்பாக்கியோடு அது கடைக்கு வந்தது.

வரவேற்பு சுமாராகத்தான் இருந்தது. கிழக்குக் காட்டு வேட்டைக்காரர்கள் 50 கெஜத்தில் அதைச் சுட்டுவிட்டு, தோள் இறைச்சியெல்லாம் கூழாகிவிட்டது என்று புகார் சொன்னார்கள். நிறுவனமும் பணிந்து, 150 கிரெயின் குண்டை 2,700 அடிக்கும் குறைவான வேகத்தில் அனுப்பும் சாதுவான தோட்டா ஒன்றை விட்டது. அதை யாரும் சீந்தவில்லை. வேகம் பிடிக்காதவர் ஏற்கெனவே .30-30 வைத்திருந்தார், வேகம் வேண்டியவருக்கு இது எதற்கு? இதற்கிடையே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. 1931-இல் திவாலான வின்செஸ்டர், ஆலின் குடும்பத்தின் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தின் கைக்குப் போனது.

இரண்டாம் பிறப்பு: கண்

300 கெஜம் போகும் தோட்டா இருந்து என்ன பயன், 300 கெஜத்தில் குறி தெரியாவிட்டால்? இரும்புக் குறிமுள்ளை அந்தத் தூரத்து மான்மேல் வைத்தால், முள்ளே மானின் பாதி உடம்பை மறைத்துவிடும். தூரத்துக் குறியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் இல்லாமல் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்தது, விலை கட்டுப்படியாகவில்லை. 1930-இல் பில் வீவர் என்பவர் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் ஒரு ஸ்கோப்பைச் செய்து விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் தொழிலை டெக்சஸ் மாநிலத்து எல் பாசோவுக்கு மாற்றி, அமெரிக்க வேட்டைக்காரர்களின் கண்ணையே மாற்றிவிட்டார்.

ஆனால் மாடல் 54-இல் ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்த முடியவில்லை. துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு மேலே எழும்பி ஸ்கோப்பில் இடித்தது. 1937-இல் விற்பனைக்கு வந்த மாடல் 70 அந்தக் குறையைத் தீர்த்தது. தோட்டாவும் துப்பாக்கியும் ஸ்கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தியது அப்போதுதான்.

அந்தக் கூட்டணியை ஊரறியச் செய்தவர் ஒரு நாவலாசிரியர். 1902-இல் அரிசோனாவில் பிறந்த ஜாக் ஓ'கானர், அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர். .270 வந்த புதிதிலேயே அதை வாங்கியவர்களில் ஒருவர். அரிசோனாவிலும் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சொனோராவிலும் இருக்கும் கூஸ் மான், ஆண் மானே 45 கிலோ தேறாத சின்ன இனம். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில், பாறை நிறத்தோடு கலந்து நிற்கும். ஓ'கானர் பாடம் கற்றது அங்கேதான். 'அவுட்டோர் லைஃப்' இதழில் துப்பாக்கிப் பகுதியின் ஆசிரியராக 1940-களின் தொடக்கத்திலிருந்து 1972 வரை எழுதிய அவர், .270-ஐப் பற்றிச் சொல்லாத நல்ல வார்த்தை இல்லை.

அவர் சொன்ன உபாயம் எளிமையானது. 100 கெஜத்தில் குறிக்கு மூன்று அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பைத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது குண்டு 200 கெஜத்தில் சுமார் நாலு அங்குலம் மேலே இருக்கும், 275 கெஜத்தில் குறியிலேயே படும், 300-ல் இரண்டு அங்குலம்போல இறங்கியிருக்கும். அதாவது காலடியிலிருந்து 300 கெஜம் வரை மானின் நெஞ்சின் நடுவே குறிவைத்தால் போதும். தூரத்தைக் கணக்கிட வேண்டிய வேலையே இல்லை. தூரம் அளக்கும் கருவி கிடையாத காலத்தில் இது பெரிய வரம்.

அவர் மனைவி எலினார் தேர்ந்த வேட்டைக்காரி. அந்த அம்மாள் கையில் இருந்ததோ பழைய 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டா போடும் துப்பாக்கி. கணவர் உலகத்துக்கெல்லாம் .270-ஐ ஓதினாலும், உதை குறைவான அந்தத் தோட்டாவால் எலினாரும் குறைவில்லாமல் வேட்டையாடினார்.

மூன்றாம் பிறப்பு: குண்டு

ஓ'கானர் 1948-இல் ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டனுக்குக் குடிபோனார். அதே மாநிலத்தில் சால்மன் ஊரில் அவருடைய பரம எதிரி எல்மர் கீத் இருந்தார். கால்நடைப் பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி, அவரும் எழுத்தாளர். பெரிய விலங்குக்குப் பெரிய துளை, கனமான குண்டு என்பது அவர் கட்சி. .270 எல்லாம் சின்ன விலங்குகளைச் சுடத்தான் லாயக்கு என்கிற தொனியில் எழுதுவார். இருவரின் சண்டையும் பல்லாண்டு நடந்தது. வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள்.

கீத் பயந்ததில் நியாயம் இருந்தது. அக்காலக் குண்டு என்பது ஈயக் கருவின்மேல் மெல்லிய செம்பு உறை. மூக்கில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். சதையில் பட்டதும் அந்த மூக்கு விரிந்து காளானாகும். நெஞ்சுக்குள் போய் விரிந்தால் மான் உடனே விழும். இந்த விரியும் குணத்துக்கு இந்தியாவோடும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம்மில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாத் தொழிற்சாலையில் 1890-களில் உலோக உறையின் மூக்கைத் திறந்துவிட்ட குண்டுகளைச் செய்தார்கள். அது ஏற்படுத்திய காயங்களால் எழுந்த கண்டனத்தில், 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகளில் பல, போரில் விரியும் குண்டு கூடாது என்று உடன்படிக்கை செய்தன. வேட்டையில் சட்டம் நேர் எதிர். விரியாத குண்டு ஊசிபோலத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும், மான் வெகுதூரம் ஓடிப்போய்ச் சாகும் என்பதால், அமெரிக்காவின் பல மாநிலங்களில் மானுக்கு முழு உறைக் குண்டு தடைசெய்யப்பட்டது.

சிக்கல் வேகத்தில் வந்தது. 2,000 அடி வேகத்துக்கென்று யோசித்த உறை, 3,100 அடி வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் தோலுக்கு அடியிலேயே சிதறிவிடும். 300 கெஜத்தில் வேகம் தணிந்தபின் அழகாக விரியும் அதே குண்டு, 40 கெஜத்தில் சுக்குநூறாகும். கிழக்குக் காட்டார் சொன்ன இறைச்சிப் புகாரின் வேர் இதுதான். வெட்டவெளியிலும் மான் எப்போதும் தூரத்தில் நிற்கும் என்று எழுதி வைத்திருக்கிறதா என்ன? மேட்டில் ஏறினால் காலடியிலிருந்தும் எழுந்து ஓடும்.

விடையைக் கண்டுபிடித்தவர் ஆரிகன் மாநிலத்து ஆஷ்லந்தில் லாரித் தொழில் நடத்திய ஜான் நாஸ்லர். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். கையில் இருந்தது .300 மேக்னம், வலுவான துப்பாக்கி. மூஸின் உடம்பிலோ சேறு காய்ந்து ஓடாகப் படிந்திருந்தது. குண்டுகள் மேலோடு சிதறினவே தவிர உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியவர் செம்புத் தண்டின் இரு முனையையும் குடைந்து, நடுவில் ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்தார். முன் குழியிலும் பின் குழியிலும் தனித்தனியே ஈயம். பட்டதும் முன்பாதி விரியும், சிதறினாலும் சிதறும். நடுச்சுவரைத் தாண்டி அந்தச் சேதம் போகாது. பின்பாதி முழுசாக உள்ளே துளைத்துக்கொண்டு போகும். 1947-இல் மறுபடி மூஸ் வேட்டைக்குப் போய்ச் சோதித்தார். 1948-இல் விற்பனைக்கு வந்தது. பார்ட்டிஷன் என்று பெயர்.

கீத், ஓ'கானர் சண்டையில் பாதி அன்றோடு அர்த்தமிழந்துவிட்டது. இருவரும் குழலின் அகலத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குறை குண்டின் கட்டுமானத்தில் இருந்தது. நடுச்சுவர் வைத்த 130 கிரெயின் குண்டு, அதைவிடக் கனமான சாதாரணக் குண்டுகள் பல செய்யத் தவறியதைச் செய்தது.

நான்காம் பிறப்பு: மருந்து

.270-இன் கூடு பெரிது, வாய் சிறிது. அப்படிப்பட்ட தோட்டாவில் வேகமாக எரியும் வெடிமருந்து போட்டால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் எல்லை மீறிவிடும். மெதுவாக எரிந்து குழலின் நீளம் முழுவதும் குண்டைத் தள்ளிக்கொண்டே வரும் மருந்து வேண்டும். அதுவும் போரிலிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாக்களுக்காகத் தயாரித்த 4831 என்ற மருந்து, போர் முடிந்ததும் மலைமலையாக மிஞ்சியது. கான்சஸ் மாநிலத்து புரூஸ் ஹாட்ஜ்டன் அரசிடமிருந்து மிச்ச மருந்தை வாங்கி, வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றார். பீரங்கிக்காகப் பிறந்த அந்த மருந்து .270-க்கென்றே செய்ததுபோல ஒத்துப்போனது. ஓ'கானரின் விருப்ப மருந்தும் அதுவே ஆனது.

இப்படியாக 1925-இல் கூடு, 1930-களில் கண், 1948-இல் குண்டு, அதையொட்டி மருந்து. நாலும் சேர்ந்த பிறகுதான் நாம் இன்று .270 என்று சொல்லும் தோட்டா முழுமையடைந்தது.

நூறு ஆண்டுக்குப் பின்

1990-களில் கையடக்க லேசர் தூரமானி வந்தது. பொத்தானை அழுத்தினால் மான் 312 கெஜத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடும். தூரம் தெரிந்துவிட்டால் இறக்கத்தைத் துல்லியமாகச் சரிசெய்துகொள்ளலாம்; தட்டையான பாதைக்கு இருந்த மவுசு குறைந்தது. எந்தக் கருவியாலும் துல்லியமாகச் சொல்ல முடியாதது காற்று. குறுக்குக் காற்றில் அதிகம் விலகாமல் போவது நீளமான, கனமான குண்டு. 2007-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மூர் இந்தக் கணக்கில் பிறந்தது. அதன் துப்பாக்கிக் குழலின் உட்சுருள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று; .270-க்கோ பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டைத் தள்ளாடாமல் சுழற்ற அது போதாது. வின்செஸ்டர் 2021-இல் வெளியிட்ட 6.8 வெஸ்டர்ன், .270-இன் அதே .277 அங்குலக் குண்டை நீளமாக்கி, சுருளை நெருக்கமாக்கிய அவதாரம்.

இன்னொரு மாற்றம் ஒரு பறவையால் வந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுவந்த குடல்களில் இருந்த ஈயத் துணுக்குகளைத் தின்று கலிபோர்னியாவின் காண்டார் கழுகுகள் செத்தன. 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. மாற்று, முழுச் செம்புக் குண்டு. செம்பு இலேசானது, விரிவதற்கு வேகம் வேண்டும்; .270-இடம் வேகத்துக்குக் குறைவில்லை என்பதால் இந்தப் புதுச் சட்டத்துக்குள்ளும் அது சிரமமில்லாமல் நுழைந்துவிட்டது. 

இன்றும் வெட்டவெளி மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா என்று கேட்டால், பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைச் சொல்வதுதான் வழக்கம். .270-இன் நூறாண்டு வரலாறு காட்டுவது வேறு. முதலில் பார்க்க வேண்டியது, அதே பெட்டியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும் குண்டின் வகை: 40 கெஜத்தில் சிதறாமலும் 300 கெஜத்தில் விரியாமல் போகாமலும் இருக்குமா? இரண்டாவது, அந்தத் தோட்டா தன் துப்பாக்கியில் எங்கே படுகிறது என்பதைத் திடலில் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது. மூன்றாவது, தன் கைக்கு உறுதியான தூரம் எது என்று தெரிந்துகொண்டு, அதைத் தாண்டி நிற்கும் மானை விட்டுவிடுவது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரிய எழுத்தில் .270 என்றிருந்தாலும் .30-06 என்றிருந்தாலும் மானுக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை.